பிரான்மலை: அறுந்த செருப்பும் செங்காந்தளும்

கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. சித்தப்பாவின் சாந்திக்காகக் காரைக்குடி போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் அறுபதாம் கல்யாணத்தை இப்படித்தான் சொல்வோம். விருந்து முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடிக் கல் பார்க்கவும் கண்டாங்கிச் சேலை எடுக்கவும் கிளம்பினார்கள். அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது? பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலையை நான் இன்னும் பார்த்ததில்லை. "மழை நாளில் மலையா?" என்று முணுமுணுத்தபடியே அப்பத்தா தூக்குவாளியில் புளியோதரை வைத்துக் கொடுத்தார்.

மருது சகோதரர்களை 1801இல் தூக்கிலிட்ட திருப்பத்தூரைக் கடந்து, சிங்கம்புணரியில் பஸ் மாறி, மலையடிவாரம் சேரும்போது மணி ஒன்பது. அடிவாரக் கோயிலின் பெயர் தேவாரத்தில் கொடுங்குன்றம், சம்பந்தர் பாடியது. பாதாளம், பூமி, கைலாயம் என மூன்று அடுக்குகள். மேலடுக்கில் பாறையைக் குடைந்த சந்நிதியில் மங்கைபாகர் அம்மையோடு அமர்ந்திருக்கிறார்.

கோயிலைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலில், ஈரக் கற்களின் மேல், குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதற்குத்தான். நிமிர்ந்து நடந்திருந்தால் பாறை இடுக்கில் படர்ந்திருந்த விஷ்ணுகிராந்தியைப் பார்த்திருக்கவே மாட்டேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை, ஆனால் அத்தனை நீலம். பக்கத்தில் தும்பை, கொஞ்சம் மேலே ஆவாரை.

பிறகு செங்காந்தள். ஒரு முட்புதரின் மேல் ஏறி நின்றது. கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது; இலையின் நுனியே சுருண்டு கிளையைப் பிடித்துக்கொள்கிறது. இதழ்கள் பின்னோக்கி வளைந்து தீக்கொழுந்துபோல மேலே நிற்கின்றன. ஒரே கொடியில் ஒரு பூ பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது, அடுத்தது பாதி சிவந்திருந்தது, மூன்றாவது முழுக்கச் சிவப்பு. வேறு வேறு பூக்கள் அல்ல, வேறு வேறு வயது. கண்வலிக்கிழங்கு என்று ஊரில் பயந்து ஒதுக்குவதும் இதைத்தான். கிழங்கு கொடிய விஷம். கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மேலே போகப் போக இடிந்த கோட்டைச் சுவரின் மிச்சங்கள் தென்பட்டன. செடி முளைத்த கல்வரிசைகளை அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் யார் கண்டுகொள்வார்கள்? உச்சியில் தர்கா. நெற்றியில் திருநீறோடு ஒரு குடும்பம் அங்கே வணங்கிக்கொண்டிருந்தது.

பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி மின்னியது. பாரியின் மலை வானம்போல அகன்றது, அதன் சுனைகள் விண்மீன்கள்போல என்று கபிலர் புறநானூற்றில் சொன்னது மிகையென்றே நினைத்திருந்தேன். இல்லை. மூவேந்தரும் முற்றுகையிட்டாலும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழவர் உழாத நான்கு விளைச்சல் இம்மலைக்கு உண்டு என்று அவர்களை எச்சரித்தவரும் அவர்தான். நான்கில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. புளியோதரைதான் காப்பாற்றியது.

தேரைக் கொடுக்கவைத்த முல்லையும் வழியில் எங்கும் தென்படவில்லை. இறங்கி வந்தால் கோயில் வாசலில் ஓர் அம்மா முல்லைதான் தொடுத்துக்கொண்டிருந்தார். மலையில் பறித்ததா என்று ஆவலோடு கேட்டேன். சிரித்துவிட்டார். காலையில் மார்க்கெட்டில் வாங்கியதாம். அப்பத்தாவுக்கு என்று இரண்டு முழம் வாங்கினேன். என் காலைப் பார்த்து, கேட்காமலேயே கொஞ்சம் வாழைநாரும் கொடுத்தார். அதில் வாரை வரிந்து கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். சிங்கம்புணரி வரை தாங்கியது.