ஊட்டி, குன்னூர் பக்கம் புதைந்த குழாயை ரேடாரில் தேடுபவர்களுக்கு

தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் காட்டும் இந்த ரேடாருக்கு நம் மலையில் பெரிய எதிரி ஈரக் களிமண். அலையை உறிஞ்சிவிடும். மழைக்காலத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ஒரு மீட்டர் ஆழம் காட்டினாலே பெரிசு; பிப்ரவரி, மார்ச்சில் ஓட்டுங்கள்.

குழாய் போகும் திசைக்குக் குறுக்கே, அரை மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக இழுக்கணும். திரையில் கவிழ்ந்த வில் தெரிந்ததும் தோண்டிவிடாதீர்கள்! மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைப் பாறையும் அதே வில்லைத்தான் காட்டும். அடுத்தடுத்த நாலைந்து கோட்டிலும் வரிசையாக வந்தால்தான் குழாய்.

நிறையப் பேர் தவறுவது ஆழக் கணக்கில். அலை போய்த் திரும்ப 40 நானோசெகண்ட் என்றால், நானோசெகண்டுக்கு 0.1 மீட்டர் வேகத்தில் ஆழம் 2 மீட்டர். ஈர மண்ணில் வேகம் 0.07தான் இருக்கும், அப்போது ஆழம் 1.4 மீட்டர். 2 மீட்டர் என்று நம்பித் தோண்டினால் கடப்பாரை நேரே குழாயில் இறங்கிவிடும். கருவி தரும் மாதிரி வளைவைத் திரையில் தெரிந்த வில்லோடு பொருத்திப் பார்த்து, வேகத்தை அங்கேயே எடுங்கள்.