முன் பட்டை மாற்றிய வாரம்

2025 ஜூன் 10, செவ்வாய்

போச்சம்பள்ளியில் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வரும் வழியில் முன்பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். லாரியின் எடையைத் தாங்கி முன் ஆக்சில் மேல் உட்காரும் வில் பட்டைகளின் அடுக்கு, அதுதான் பட்டைக் கட்டு. இடது முன் கட்டில் மெயின் பட்டை, முன் கண்ணை (சேசிஸோடு மாட்டும் முன்முனை வளையத்தை) ஒட்டி உடைந்திருந்தது. ஆனாலும் ஆக்சில் நகரவில்லை. இரண்டாவது பட்டையின் நுனி அந்தக் கண்ணைச் சுற்றி வளைந்து பிடித்திருந்தது. அந்த வளைவு மட்டும் இல்லையென்றால் சக்கரம் பின்னால் போயிருக்கும். கைநடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வேறு லாரியை வரவழைத்து மாங்காயை மாற்றி அனுப்பினேன். வாடகை போனது போனதுதான்.

ஜூன் 11, புதன்

பைபாஸ் ஓரம் ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் புதுக் கட்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். பணம் புரட்ட அலைந்ததில் வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. மாலையில் வண்டி தயார்.

ஜூன் 13, வெள்ளி

வண்டி இடது பக்கம் இழுக்கிறது. ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராக ஓடுகிறது. சேலத்துக்கு லோடு, தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வண்டிகளை எத்தனையோ முறை பார்த்தவன் நான். இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

சேலத்தில் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, பார்த்தார்கள். சரியாகவே இருந்தது.

ஜூன் 14, சனி

தர்மபுரியில் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்கும் மேஸ்திரியிடம் போனேன். ஒரு சுற்று சுற்றி வந்தார். “தம்பி, டயருல ஒண்ணும் இல்ல. ஆக்சிலே கோணலா உக்காந்திருக்கு” என்றார். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு ஆக்சிலோடு சேர்ந்தே திரும்பிவிடும். அதனால்தான் டோ-இன் மாறவில்லை.

முன் கண்ணில் கோர்த்த ஆணியிலிருந்து, பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட் வரை டேப் பிடித்தோம். வலது பக்கம் 692 மில்லிமீட்டர், இடது பக்கம் 708. இந்தப் பட்டையில் சென்டர் போல்ட் ஓட்டை சரிபாதியில் இல்லை, முன்பாதி கொஞ்சம் குட்டை. இடது பட்டைக் கட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். உயிர் காத்த அந்த வளைவு நுனி, பின்னால் சாக்கிள் (பட்டையின் பின்முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு) பக்கம் கிடந்தது. பார்த்ததும் வயிறு கலங்கியது. 16 மில்லி பெரிதா என்று கேட்டேன். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட இரண்டு டயர்களுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்குக்கு மேல். பட்டையில் 16 என்றால் டயர் பின்தங்கி நிற்பது 30-ஐத் தாண்டிவிடும் என்றார்.

சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்தோம். கட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டாயிற்று. ஆனால் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் குழியில் விழவில்லை. ஆக்சில் இன்னும் பின்னாலேயே நின்றது. கடப்பாரை போட்டு நெம்பப் போனேன், மேஸ்திரி தடுத்தார். பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் வலது பக்கம் இறுகியிருக்கும் வரை ஆக்சில் அசையாதாம். அதையும் தளர்த்திவிட்டு, செயின் பிளாக்கை முன் குறுக்குச் சட்டத்தில் மாட்டி, இடது முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ‘டக்’ என்று தலை குழியில் இறங்கியது. அதுவரை பட்டறையில் யாரும் பேசவில்லை.

நான்கு யூ போல்ட்டும் புதிது. ஒருமுறை இழுத்து இறுக்கிய போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி தராது என்று பழையதைத் தொடவிடவில்லை. குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. அப்புறம் சேசிஸிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, கிங் பின்களுக்கு (முன் சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளுக்கு) மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டும் ஒன்று.

ஜூன் 17, செவ்வாய்

சேலம் இரண்டு நடை போய் வந்தேன், லோடோடு. தொப்பூரில் ஸ்டீயரிங் நேராக நின்றது. இன்று யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினோம். ஒவ்வொன்றும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியது. கேபின் கதவின் உட்புறம் வெள்ளை பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்: முன் பட்டை, இரண்டு பக்கமும் 692, வளைவு முன்னால்.