சுப்பீரியர் ஏரிக்கரையில், செப்டம்பர் 2025

செப்டம்பர் 3, புதன்

பாலம் தாண்டிவிட்டோம். மக்கினா நீரிணையில் காற்று பலமாக இருந்ததால் உயரமான வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்தி, வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் 20 மைல் வேகத்தில் அனுப்பினார்கள். ஐந்து மைல் பாலம். பக்கத்து லேனில் தளமே கிடையாது, இரும்பு வலைதான், அதன் வழியே கீழே தண்ணீர் தெரியும். என் மனைவி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் ட்ரெய்லர் லேசாக ஆடுவதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். செயின்ட் இக்னேஸில் டிரக்கை நிறுத்திய பிறகுதான் உள்ளங்கை நனைந்திருப்பது தெரிந்தது.

பரிசோதனை முடிவுக்காக வீட்டிலேயே உட்கார்ந்து காத்திருக்க மாட்டேன் என்று அவள் சொன்னதால் கிளம்பினோம். டவர் உள்ள ஊர்களாகப் பார்த்துத் தங்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

செப்டம்பர் 4, வியாழன்

டக்வாமெனன் அருவி. 200 அடி அகலம், ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். தண்ணீர் பால் விடாத டிக்காஷன் நிறம். சேற்றுநிலத்தில் நிற்கும் சீடர், ஹெம்லாக் மரங்களின் துவர்ப்பு ஊறி ஊறி வரும் நிறமாம். கீழே விழும் இடத்தில் நுரை பொங்குவதைப் பார்த்து, "அப்படியே ஆத்தின மாதிரி இருக்குங்க" என்றாள்.

படிகளில் இறங்கும்போது இடது கையால் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கவனித்தேன். கேட்கவில்லை.

இங்கே டவர் இல்லை. பாரடைஸ் ஊர் வரை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 5

ட்ரெய்லரின் பிளாக் டேங்கை, அதாவது கழிவறைத் தொட்டியை, காலி செய்து இரண்டு முறை அலசியும் விட்டேன். உள்ளே பலகையில் விளக்கு இன்னும் மூன்றில் இரண்டு பங்கு என்றே காட்டுகிறது.

செப்டம்பர் 6, சனி

ஒயிட்ஃபிஷ் முனை. கலங்கரை விளக்கம், கப்பல் விபத்து அருங்காட்சியகம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் மூழ்கி வரும் நவம்பர் 10 அன்று ஐம்பது வருஷம். இரும்புத் தாது ஏற்றிவந்த கப்பல். 29 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இந்த முனையின் மறைவுக்குள் வந்துவிட்டால் தப்பித்திருக்கலாம், இன்னும் 17 மைல்தான் இருந்தது. 1995இல் அதன் மணியை மேலே எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். அவள் அதன் முன்னால் கைகட்டி நின்றாள், கோயிலில் நிற்பதுபோல. வெளியே வந்ததும், "வீட்டுல இருக்கிறவங்களுக்கு எப்போ போன் போச்சோ" என்றாள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. கரையில் கல் பொறுக்கினாள்.

செப்டம்பர் 8, திங்கள். முனிசிங்

முழு டவர். காலை 9:05க்கு நானே கூப்பிட்டேன். பத்து நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்தார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தார். முடிவு வந்துவிட்டது, ஆனால் தெளிவாக இல்லை, அதனால் திசு வைத்த கண்ணாடிச் சில்லுகளை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். எத்தனை நாள் ஆகும்? ஏழு முதல் பத்து வேலை நாள். தெளிவாக இல்லை என்றால் என்ன அர்த்தம்? அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் பேசலாமா? முடிவு வந்ததும் அவரே கூப்பிடுவார்.

"தெளிவாக இல்லை" என்பதைக் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நல்லதாக இருந்தால் நல்லது என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். கெட்டதாக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், அதற்குத் தாமதிக்க மாட்டார்கள். ஆகவே நிஜமாகவே தெரியவில்லை. அவர்களுக்கே தெரியவில்லை என்பது எனக்கு ஏன் ஆறுதலாக இருக்கிறது? அடுத்த நிமிஷமே ஏன் வயிற்றைப் பிசைகிறது? வேலை நாள் கணக்கில் ஏழு என்றால் 17, பத்து என்றால் 22. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். ரசத்துக்குப் புளி ஊறவைத்திருந்தாள். தாளிக்கும்போது வழக்கம்போல் புகை அலாரம் அலறியது, வழக்கம்போல் நான் துண்டை எடுத்து வீசினேன்.

மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள்.

செப்டம்பர் 9

படகில் போய் பிக்சர்டு ராக்ஸ் பார்த்தோம். 1966இல் தேசிய ஏரிக்கரையாக அறிவித்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதலாவது. பாறை நெடுகத் தண்ணீர் கசிந்து வழிந்த தடம். இரும்பு சிவப்பாக, செம்பு பச்சை நீலமாக, மாங்கனீஸ் கறுப்பாக இறங்கியிருக்கிறது. வெள்ளையடித்த சுவரில் மழைநீர் இறங்கியதுபோல இருந்தாலும், இந்தக் கறை அழகு. அவள் சிரித்தாள். நிறைய போட்டோ எடுத்தேன், பாறையை விட அவளைத்தான் அதிகம்.

செப்டம்பர் 11. மார்க்கெட்

பெரிய துறைமுகத்தில் தாதுக் கப்பல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே மதியம் முழுக்கப் போய்விட்டது. 1912இல் கட்டிய மேடை, இன்னும் வேலை செய்கிறது. ரயில் மேலே வந்து கொட்டுகிறது, மேடையில் வரிசையாக உள்ள தொட்டிகளில் நிரம்புகிறது, சாய்ந்த சரிவுகளை இறக்கினால் கோலிகுண்டு அளவு தாது உருண்டைகள் கப்பலின் வயிற்றுக்குள் பாய்கின்றன. மழை தகரத்தில் கொட்டுவதுபோல் சத்தம். அவள் மடக்கு நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நேரத்தை இப்படிச் செலவழிக்க எனக்கு இதற்கு முன் தெரியாது.

கன்றியிருந்த நீலம் மஞ்சளாகிவிட்டது என்று ராத்திரி காட்டினாள். ஆறுகிறது.

செப்டம்பர் 12

மழை. வண்டிக்குள்ளேயே இருந்தோம். ஒரு வார்த்தை சண்டை, என் தப்பு.

செப்டம்பர் 14, ஞாயிறு. கேலுமெட்

இந்த ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. செம்புச் சுரங்கக் கம்பெனி கட்டிய வீடுகள் ஒரே அச்சில் தெருத்தெருவாக நிற்கின்றன. நெய்வேலியில் வட்டம் வட்டமாக குவார்ட்டர்ஸ், ஷிப்டு சங்கு, அப்பா சைக்கிளை எடுக்கும் சத்தம் எல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே நிலக்கரியைத் திறந்து வெட்டினார்கள், இங்கே ஆழத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் 30,000 பேருக்கு மேல் இருந்த இடம். 1900இல் ஊராட்சியே நாடக அரங்கு கட்டியிருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை தெருவில் எங்களைத் தவிர ஆளில்லை.

ஏழாவது தெருவில் ஒரு கல் வளைவு மட்டும் நிற்கிறது. இத்தாலியன் ஹால் இருந்த இடம். 1913 வேலைநிறுத்தத்தின்போது, டிசம்பர் 24 அன்று தொழிலாளர் குழந்தைகளுக்கு மாடியில் கிறிஸ்துமஸ் விருந்து. யாரோ "தீ" என்று கத்தினார்கள். தீயே இல்லை. மாடிப்படியில் நசுங்கி 73 பேர் இறந்தார்கள், அவர்களில் 59 குழந்தைகள். கட்டடத்தை 1984இல் இடித்துவிட்டார்கள், வாசல் மட்டும் மிச்சம்.

அவள் அந்த வாசலுக்குள் நுழைய மறுத்துவிட்டாள். நானும் சுற்றித்தான் போனேன்.

செப்டம்பர் 15

குவின்சி சுரங்கம். உள்ளே வருஷம் முழுக்க 43 டிகிரி ஃபாரன்ஹீட். குளிர் தோளுக்கு ஆகாது என்றேன், என் ஜாக்கெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். 9,000 அடிக்கும் ஆழமான சரிவிலிருந்து பாறையை இழுக்க ஒரு நீராவி இயந்திரம் வைத்திருந்தார்கள், உலகிலேயே பெரியது. 1920இல் தொடங்கி 11 வருஷம்தான் ஓடியது. அவ்வளவு பெரிய உருளையை இவ்வளவு குறைந்த காலத்துக்கா என்று அவள் கேட்டது மனதில் நிற்கிறது.

மதியம் பாஸ்டி. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பண்டம். பார்க்கப் பெரிய சோமாசி, உள்ளே உருளைக்கிழங்கும் ருட்டபாகா என்ற கிழங்கும். எங்களுக்கு இறைச்சி இல்லாதது. பாதிக்கு மேல் சாப்பிட்டாள். நல்ல விஷயம்.

செப்டம்பர் 16. மெக்லெய்ன் பூங்கா

ராத்திரி பத்து மணிக்குக் கரையில். புற ஊதா டார்ச் அடித்தால் சில கற்கள் மட்டும் உள்ளே தணல் இருப்பதுபோல் ஆரஞ்சாக எரிகின்றன. யூப்பர்லைட் என்கிறார்கள். பகலில் சாதாரணச் சாம்பல் கல். கனடாப் பக்கமிருந்து பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டுவந்து போட்டவை. அவள் குனியக் கூடாது, அதனால் அவள் டார்ச் அடித்தாள், நான் பொறுக்கினேன். ஒன்பது கற்கள். இரண்டு மணி நேரம் போனை நினைக்கவேயில்லை.

செப்டம்பர் 17

ஏழாவது வேலை நாள். வரவில்லை.

செப்டம்பர் 18. காப்பர் ஹார்பர்

வழியில் பனி அளவுகோல் ஒன்று, தெர்மாமீட்டர் வடிவில். 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம். 32 அடிக்கு மேல். அந்தப் பனியிலும் இங்கே ஆட்கள் பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

யு.எஸ். 41 சாலை இங்கே முடிகிறது. மயாமி வரை 1,990 மைல் என்று பலகை. மேப்பிள் மரங்களில் நுனி மட்டும் சிவந்திருக்கிறது.

எங்கள் போனில் ஒரு பாயிண்ட்கூட இல்லை. நிபந்தனையை நானே விட்டுக்கொடுத்தேன். "நாலு நாள், அவ்வளவுதான்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை.

செப்டம்பர் 19

டேங்க் பலகை இப்போது முழுதாக நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. நேற்றுதான் காலி செய்தேன். உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு வேறு அர்த்தமில்லை.

செப்டம்பர் 20, சனி

ட்ரெய்லரை ஃபோர்ட் வில்கின்ஸ் முகாமில் விட்டுவிட்டு டிரக்கில் பிராக்வே மலை ஏறினோம். கீழே ஏரி, அக்கரை தெரியாத தண்ணீர், கடல் என்றுதான் வாயில் வருகிறது. அவள் பாறையில் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசினாள். சின்ன வயதில் காய்ச்சலென்றால் யாரையும் தொடவிடாமல் சுருண்டு படுத்துக்கொள்வாள் அல்லவா, அதைப் பற்றி. பிறகு, "அவகிட்ட நானே சொல்றேன். நீங்க சொல்லாதீங்க. உங்க குரல் உடைஞ்சிடும்" என்றாள்.

உச்சியில் இரண்டு பாயிண்ட் கிடைத்தது. தவறிய அழைப்பு ஒன்று, வெள்ளி மாலை 4:52. செய்தி எதுவும் விடவில்லை.

சனிக்கிழமை. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் மூன்று முறை அடித்தேன்.

செப்டம்பர் 21

தூக்கமில்லை. திம்பிள்பெர்ரி ஜாம் இரண்டு பாட்டில், ஒன்று மகளுக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் மறுபடி மலைக்குப் போய்க் கூப்பிட்டேன். டாக்டர் இன்று அறுவை சிகிச்சையில் இருக்கிறார், நாளை பத்து மணிக்குக் கூப்பிடுவார், இருவரும் சேர்ந்து இருப்பது நல்லது என்றார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். குரலில் எதுவும் தெரியவில்லை.

நாளை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஹாட்டன் போய்விட்டால் முழு டவர். இப்போதே மட்டக் கட்டைகளை எடுத்து, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். கற்களை அவள் ஒவ்வொன்றாக டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் அடுக்குகிறாள்.

செப்டம்பர் 23

லிஃப்ட் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். முழு டவர், சார்ஜ் 94. மணி 9:40. காபி போடட்டுமா என்று கேட்கிறாள்.