இரண்டு ஜாக்கெட்டுகளும் ஒரு முதுகுக் காப்பும்

குளிர் நாளில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம், அலமாரியில் தொங்கும் பனிச்சறுக்கு ஜாக்கெட்டையே மாட்டிக்கொள்ளலாமே என்ற சபலம் எனக்கு எழுவதுண்டு. அது எடை குறைந்தது, கதகதப்பானது, நீர் புகாதது. ஒருமுறை அப்படியே கிளம்பியும் விட்டேன். அன்று ஒன்றும் நேரவில்லை. ஆனால் வீடு திரும்பி அதன் மெல்லிய நைலான் துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தபோது, செய்தது அசட்டுத் துணிச்சல் என்று புரிந்தது.

பனிச்சரிவில் விழுபவர் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டே போகிறார். தார்ச்சாலையோ அரத்தைப் போல அராவும். அந்த உராய்வின் சூட்டில், 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் நைலான் இழைகள் இளகிச் சருமத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். பதனிட்ட மாட்டுத் தோலுக்கும், உருகாத செயற்கை இழையான அராமிடுக்கும் அந்தக் குறை இல்லை. அதனால்தான் மோட்டார் சைக்கிள் உடைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 17092, உராய்வையும் கிழிசலையும் தையலின் உறுதியையும் சோதித்து ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகளைத் தருகிறது. பி என்ற வகுப்பும் உண்டு; உராய்வில் அது ஏ வகுப்புக்கு இணையானது என்றாலும் அதில் மோதல் காப்புப் பட்டைகள் இருக்க வேண்டியதில்லை என்பதை வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பனிச்சறுக்கு ஜாக்கெட்டின் விவரச் சீட்டில் காணும் 10,000 அல்லது 20,000 மில்லிமீட்டர் என்ற எண், துணி எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் குறிப்பது. விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அளவு பார்ப்பதும் வேறு. முழங்கைப் பட்டை முழங்கையிலிருந்து நழுவிவிட்டால் அது இருந்தும் பயனில்லை என்பதால், வண்டிக்கான ஜாக்கெட் உடலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கைப்பிடியை எட்டும் நிலையில் அமர்ந்துதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். பனிச்சறுக்கிலோ உழைத்து வியர்க்கிறோம், பிறகு சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட நாற்காலியில் அசையாமல் அமர்ந்து குளிர்கிறோம். ஆகவே அடுக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் தளர்வு தேவை, அக்குளில் காற்றோட்ட ஜிப்பும் தேவை.

தலைக்கவசத்தில் எனக்குச் சமரசமே இல்லை. பனிச்சறுக்குக் கவசத்துக்கான ஐரோப்பியத் தரநிலை 1077, சாலைக் கவசத்துக்கான ஐ.நா. விதியான இசிஇ 22.06-ஐவிடக் குறைந்த வேகத்திலேயே மோதலைச் சோதிக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அணிவது எந்தப் பக்கத்திலும் சரியல்ல.

நான் உண்மையில் இரண்டுக்கும் பொதுவாக வைத்திருப்பவை கம்பளி உள்ளாடையும் முதுகுக் காப்பும் மட்டுமே. பனிச்சறுக்குக்கென விற்கப்படும் முதுகுக் காப்புகள் பலவும் மோட்டார் சைக்கிளுக்கான 1621-2 தரநிலையிலேயே சான்று பெறுகின்றன. முதல் நிலைக் காப்பு உடலுக்குக் கடத்தும் விசையின் சராசரி 18 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது; இரண்டாம் நிலைக்கு அது 9. நான் இரண்டாம் நிலையையே எடுத்தேன். மென்நுரைக் காப்புகள் கடுங்குளிரில் விறைத்துவிடக்கூடியவை என்பதால், மைனஸ் 10 டிகிரியிலும் சோதிக்கப்பட்டதைக் காட்டும் ‘டி மைனஸ்’ குறி சீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கினேன்.