தலையில் பீஸ் இருக்கா?

முதல் நாள் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “மிஸ், கரண்ட் வைக்கப் போறீங்களோ?”

கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ரி.எம்.எஸ் மெஷினோடு வேலை செய்கிறேன். தலைக்கு வெளியே ஒரு கொயிலை (கம்பிச்சுருளை) வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டுகிற சிகிச்சை அது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மனச்சோர்வு விலகாதவர்களைத்தான் டொக்டர்மார் பெரும்பாலும் எங்களிடம் அனுப்புகிறார்கள்.

தொடக்கத்தில் “கரண்ட்டே இல்லை அம்மா, வெறும் காந்தம்தான்” என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அது சரியில்லை என்று பிறகுதான் உறைத்தது. கொயிலுக்குள் மின்சாரம் சட்டென்று பாய்ந்து நிற்கிறது. அதனால் பிறக்கும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து போய், மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831இல் ஃபரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். 1985இல் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை மனித மூளையில் செய்து காட்டினார்கள். ஆக, கரண்ட் இருக்கிறது. ஆனால் ஷொக் சிகிச்சை வேறு. அதில் மயக்கமருந்து கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவைப்பார்கள். (அதுவும் உயிர் காக்கிற சிகிச்சைதான். அதன்மேல் உள்ள பயத்தில் பாதி சினிமா தந்தது.) எங்களிடம் வருபவர் விழித்தபடியே இருப்பார், முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார். வலிப்பு வருகிற ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது பெருவிரல். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலு வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் பார்க்கிறோம். இடப்பக்க மூளையில் கையை அசைக்கும் இடத்துக்கு மேல் கொயிலைப் பிடித்து ஒரு துடிப்பு கொடுத்தால், வலக்கைப் பெருவிரல் துள்ளும். 10 முறை கொடுத்தால் 5 முறையாவது துள்ளுகிற மிகக் குறைந்த வலு எதுவோ, அதுதான் அவருடைய அளவு. பிறகு கொயிலை நெற்றிப் பக்கம் நகர்த்தி, வழக்கமாக அந்த அளவின் 120 வீதத்தில் சிகிச்சை தொடங்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஆட்டேல்லை பிள்ளை, அது தானா ஆடுது” என்றார். மாதக்கணக்காகச் சமைக்காமல், குளிக்க மனமில்லாமல் கிடந்தவர். வீட்டில் எல்லோரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள். “அப்ப உள்ளுக்கை ஏதோ இருக்குத்தானே?” என்று என்னைக் கேட்டார். இருக்கிறது அம்மா என்றேன்.

வாரத்தில் 5 நாள், 4 முதல் 6 வாரம் வரை வர வேண்டும். பழைய முறையில் ஒரு தடவைக்கு 37.5 நிமிடம். துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கிற தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் 3 நிமிடம் போதும். 2018இல் வெளியான கனடா ஆய்வில் 414 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நீண்ட முறையில் 47 வீதமும் குறுகிய முறையில் 49 வீதமும் நன்றாக முன்னேறினார்கள். பாதிப் பேர் அந்த அளவுக்கு முன்னேறவில்லை என்பதும் அதே கணக்குத்தான். அந்தப் பாதியைப் பற்றியும் முதல் நாளே பேசிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நகையை அடகு வைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, நான் எழுத வந்தது வேறு ஒருவரைப் பற்றி.

கிளிநொச்சிப் பக்கம். வயது நாற்பதை நெருங்கும். இரவு பஸ்ஸில் அக்காவோடு வந்து, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, நேரே எங்களிடம் வந்திருந்தார். படிவத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “உடலில் உலோக உள்வைப்புகள் ஏதேனும் உள்ளனவா?” இல்லை என்றார். இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

அளவெடுக்கத் துணித்தொப்பியை மாட்டும்போது இடக்காதுக்குப் பின்னால், முடிக்குள், ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

“தம்பி, இது என்ன?”

“ஷெல் பீஸ் பட்டது மிஸ். 2009இலை.”

“எடுத்தாச்சோ?”

“ஒண்டு எடுத்தவை. மற்றது உள்ளுக்கை இருக்கெண்டு சொன்னவை. அது ஒண்டும் செய்யேல்லை.”

மெஷினை நிறுத்தினேன். கொயிலுக்கு அருகே உலோகத் துண்டு இருந்தால் அந்தத் துடிப்பில் அது சூடேறலாம், இடம் பெயரலாம். எக்ஸ்ரேயில் அரிசிமணி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சிகிச்சை இவருக்கு வேண்டாம் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உள்வைப்பு என்றால் டொக்டர் ஒருவர் வைத்ததாக இருக்க வேண்டும். அவர் தலையில் அப்படி யாரும் எதையும் வைக்கவில்லை. ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கியவருக்கு அது சரியான சொல்லாகத் தோன்றியிருக்கும். வாசித்துக் காட்டிய எனக்கும் அது தவறாகப் படவில்லை. இந்த நாட்டில் வளர்ந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

“பீஸை எடுத்தால் செய்யலாமோ?” என்று கேட்டார். இதற்காக மண்டையைத் திறக்க எந்த டொக்டரும் சொல்லமாட்டார் என்று விளக்கினார்கள். மருந்தை மாற்றி எழுதி, ஊருக்குப் பக்கத்திலேயே ஆலோசனைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். திரும்பும் பஸ் இரவுதான். அதுவரை இருவரும் எங்கள் முன்னறையிலேயே இருந்தார்கள். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வியை மாற்றி எழுதினோம். “தலையில், கண்ணில், கழுத்தில் ஷெல் பீஸ், துப்பாக்கி ரவை, கிளிப், கம்பி, காதுக்குள் வைத்த கருவி ஏதாவது இருக்கா? எப்போதாவது தலையில் காயம் பட்டதா? எக்ஸ்ரே இருக்கா?” சிங்களப் படிவத்தையும் கூட வேலை செய்யும் ஒருவர் அதே மாதிரி மாற்றினார். படையில் இருந்தவர்களும் வருகிறார்கள், அவர்கள் தலையிலும் துண்டுகள் இருக்கலாம். சந்தேகம் என்றால் படம் பார்த்த பிறகுதான் வரச் சொல்கிறோம்.

போன மாதம் முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா மகளுக்காகத் தொலைபேசியில் பேசினார். புதிய கேள்வியை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்கட வீட்டிலை எல்லாருக்கும் இருக்குப் பிள்ளை. எந்த இடத்திலை எண்டு கேளுங்கோ.”