சுவடி தேடிப் போய் நாகூர் வந்த கதை

தஞ்சாவூரில் இறங்கினால் எல்லோரும் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நான் திருச்சிச் சாலையில் இருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டோ பிடித்தேன். 1981-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. டீக்கடையில் பழக்கமான ஆய்வு மாணவர் ஒருவர் என் திட்டத்தையே மாற்றிவிட்டார். அவர் தேடுவது ஓலை இல்லை, அரபுத் தமிழ்க் கையெழுத்து நோட்டுகள், அதாவது தமிழை அரபி எழுத்தில் எழுதியவை.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றால் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சீறாப்புராணத்தில் நாலு பாட்டு, அதோடு சரி. அதற்கு முன்பே 1572-இல் ஆயிர மசலா என்ற நூல் வந்துவிட்டது. கிஸ்ஸா (கதை), நாமா (வரலாற்றுப் பாடல்), முனாஜாத்து (இறைவேண்டல்) என்று அரபி, பாரசீக வழியில் வந்த வகைகளும் உண்டு. தாலாட்டு, அந்தாதி, பிள்ளைத்தமிழும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் இருக்கை அமைந்தது. இலங்கையிலிருந்து வந்த ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இந்த இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். இத்தனை நடந்தும் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பதை யாரும் முழுசாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் இருவரும் நாகூர் போனோம். புலவர் குலாம் காதிறு நாவலரின் ஊர். தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனோராவை (கோபுரத்தை)க் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அண்ணாந்து பார்த்துவிட்டு, இறால் வைத்த வாடா என்கிற வடை ரெண்டைச் சூடாகத் தின்றோம். (தின்னாமல் கிளம்புவது பாவம்.)

அப்புறம் மாணவருக்குத் தெரிந்த ஒருவர் வீடு. ஓரம் பொடிந்த நோட்டு, வலமிருந்து இடமாக ஓடும் கறுப்பு மை. எழுத்து அரபி, வாசித்தால் தமிழ். அரபியில் 'ப'வும் இல்லை, 'ழ'வும் இல்லை. இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். ஒரு வரியில் மாணவர் தடுமாற, வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இது தாலாட்டு தம்பி. எங்க உம்மா பாடுவாங்க."

"நானா, நூலகத்துல சேர்த்தா பத்திரமா இருக்குமே?" என்றார் மாணவர். நானா என்றால் அண்ணன்.

"நோட்டு வீட்டை விட்டுப் போகாது. வேணும்னா படம் எடுத்துக்குங்க."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. திண்ணை வெளிச்சத்தில் நான் பக்கம் புரட்ட, மாணவர் படம் எடுத்தார். ராகத்தையும் பதிவு செய்யுங்கள், அச்சில் அது வராது என்றேன். நானாவுக்கு வெட்கம். உள்ளே பார்த்து ராத்தாவை, அதாவது அக்காவைக் கூப்பிட்டார். முழுப் பாட்டும் அவருக்குத்தான் தெரியுமாம்.