ஒரே ஐபி, பதினேழு ஓட்டு

2010-இல் நான் வேலை பார்த்தது, இணையச் சுட்டிகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் ஒரு தளத்தில். நிரல் எழுதத்தான் எடுத்தார்கள். அலுவலகத்தில் மொத்தமே ஐந்து பேர் என்பதால், ஆறு மாதத்துக்குள் கள்ள ஓட்டு பிடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. "நீதானே லாக் பாக்குற, இதையும் பாத்துடு" என்றார் மேனேஜர். லாக் என்றால் யார், எப்போது, எங்கிருந்து, என்ன செய்தார்கள் என்று சர்வர் தானாக எழுதிவைக்கும் குறிப்பு. அவ்வளவுதான் பயிற்சி.

தமிழில் வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பதிவைப் போட்டதும், பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டியில் இணைப்பார்கள், கீழே ஓட்டுப்பட்டை தொங்கும். நண்பர்கள் வந்து பின்னூட்டத்தில் "த.ம. 3" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு என்னுடையது, நாளைக்கு நான் எழுதும்போது நீயும் வந்துவிடு என்று அதற்கு அர்த்தம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். இதை யாரும் மோசடி என்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை.

பிரச்சினை, எந்தச் சுட்டி மேலே வர வேண்டும் என்று முடிவுசெய்யும் கணக்கில் இருந்தது. எங்களைப் போலவே சுட்டிகளுக்கு ஓட்டுப் போடும் அமெரிக்கத் தளமான ரெடிட் தன் நிரலை 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது, எங்கள் வரிசை முறையும் ஏறக்குறைய அதிலிருந்து எடுத்ததுதான். அதில் ஓட்டு எண்ணிக்கை நேராக மதிப்பெண் ஆகாது, மடக்கை எடுப்பார்கள். முதல் 10 ஓட்டு என்ன ஏற்றம் தருகிறதோ அதே ஏற்றத்தை இன்னொரு முறை பெற அடுத்த 90 ஓட்டு வேண்டும். அதோடு, பன்னிரண்டரை மணி நேரம் பிந்தி வந்த ஒரு சுட்டியோடு சமமாக நிற்க வேண்டுமென்றால் பழையதற்குப் பத்து மடங்கு ஓட்டு தேவை. இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஏமாற்றுகிறவனுக்கு ஆயிரம் பேர் வேண்டாம். முதல் அரை மணியில் பத்துக் கணக்கு போதும். முகப்புக்கு ஏறிவிட்டால் மிச்சத்தை நல்ல வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

(பிறகு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு தளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஓட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒற்றை ஓட்டு கிடைத்தவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. படித்தபோது, அப்பாடா, நான் வீணாகப் பதறவில்லை என்று இருந்தது.)

ஆகவே நான் சில அடையாளங்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒரே ஐபி, அதாவது ஒரே இணைய இணைப்பின் முகவரி. ஒரே நாளில் திறந்த கணக்குகள். வரிசை எண்ணோடு பெயர்கள். சுட்டியைத் திறக்காமலே ஓட்டு. கடைசியதை நம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தலைப்பை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்களில் எங்களுடைய மிக மரியாதையான பழைய வாசகர்களும் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை மற்ற மூன்றும் ஒன்றாகச் சிக்கின. ஒரே ஐபியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் பதினேழு ஓட்டு, எல்லாம் ஒரே பதிவுக்கு. கணக்குகள் அன்று மதியம்தான் திறக்கப்பட்டவை. பெயர்களின் பின்னால் 01, 02 என்று 17 வரை. இதைவிடப் பச்சையாக ஒருவன் திருட முடியாது என்று நினைத்தேன். பதிவைப் படிக்கக்கூட இல்லை. பதினேழையும் முடக்கி, ஓட்டுகளைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாகவே போனேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோபப்படவில்லை, அதுதான் சங்கடம்.

"தம்பி, பிரவுசிங் சென்டர்ல ஆறு சிஸ்டம்தான். ஒண்ணுக்கு மூணு பிள்ளைங்களா உட்கார வச்சேன். பேரு நான்தான் போட்டுக் குடுத்தேன், வருகைப் பதிவேட்டு நம்பரோட. ஆளுக்கு ஒரு ஓட்டுதான் போட்டாங்க."

"நீங்க போடச் சொன்னீங்களா சார்?"

"ஆமா. கூடப் படிக்கிற பையன் எழுதுனது, நம்ம ஊர் ஏரியைப் பத்தி. கேக்காம யாருப்பா ஓட்டு போடுவா?"

பதில் சொல்ல வரவில்லை. அரை மணியில் பேக்ஸ் வந்தது. பிரவுசிங் சென்டர் நோட்டின் ஒரு பக்கம். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. பதினேழு கையெழுத்தும் பதினேழு விதம். ஒரு பிள்ளை தன் பெயரைக் கட்டத்துக்குள் அடக்க முடியாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தது. என் லாகில் இது எதுவும் தெரியவில்லை. தெரியாது.

மேனேஜர் பேக்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கைத் திறந்துடு. ஆனா கேட்டு வாங்குன ஓட்டுதானே, அதை எப்படிச் சேக்குறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதே மாதங்களில்தான் அமெரிக்காவில் டிக் என்ற, இதே மாதிரி ஓட்டுப் போடும் தளத்தில் 'டிக் பேட்ரியட்ஸ்' கும்பல் அம்பலமாகியிருந்தது. ஏறக்குறைய நூறு பேர், ஒரு யாகூ குழுவில் பேசிவைத்துக்கொண்டு, தங்களுக்குப் பிடிக்காத அரசியல் செய்திகளைக் கீழே புதைத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கில் காசு கொடுத்தே ஓட்டு வாங்கலாம் என்று 2007-இலேயே 'வயர்டு' என்ற தொழில்நுட்ப இதழின் நிருபர் ஒருவர் வாங்கிக் காட்டியிருந்தார். பேட்ரியட்ஸில் பலருக்குப் பல கணக்குகள் இருந்தன என்றும் சொன்னார்கள். சரி, ஆளுக்கு ஒன்றே வைத்திருந்தால்? அப்போது அவர்களுக்கும் எங்கள் வாத்தியாருக்கும் லாகில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் யாரோ சொல்கிறார்கள், ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் கை தூக்குகிறது. யார் சேர்ந்து நின்றார்கள் என்று லாக் சொல்லும். ஏன் நின்றார்கள் என்பதை அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வாதாடி ஓட்டுகளைத் திரும்பச் சேர்த்தேன். பிரயோஜனமில்லை. அதற்குள் முழுதாக இரண்டு நாள் ஓடிவிட்டது. எங்கள் சூத்திரப்படி, சனிக்கிழமை இருந்த அதே இடத்தைத் திங்கட்கிழமை பிடிக்க ஏறக்குறைய 7,000 மடங்கு ஓட்டு வேண்டும். முடக்குவதற்கு எனக்கு ஒரு பொத்தான் இருந்தது. நேரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. வாத்தியாரை அழைத்து இதைச் சொன்னபோது, "பரவால்ல தம்பி, பையன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்த ஏரிப் பதிவைப் படித்தேன். எழுத்துப்பிழைகள் இருந்தன. நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு யாரையும் முடக்கும் முன் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதை வழக்கமாக்கினேன். பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள், அதுவே ஒரு பதில்தான்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ தேடப்போய் அந்தப் பதினேழு கணக்குகள் கண்ணில் பட்டன. பதினைந்து பேர் திரும்ப வரவே இல்லை. 04 ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. 11 மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. கடைசியாக, முகப்பில் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரசக் குறிப்பைத் திறந்து முழுக்கப் படித்துவிட்டு, தனியாக, யாரும் சொல்லாமல், ஒரு மைனஸ் ஓட்டு போட்டிருந்தது.